பாட்டு ஒட்டிக்கொண்ட புத்தகங்கள்: வீராணத்திலிருந்து மணப்பாடு வரை

ஆடிப்பெருக்கு, காட்டுமன்னார்கோவில்

சேத்தியாத்தோப்பு தாண்டி ஏரிக்கரைச் சாலையைப் பிடித்ததும் தம்பி கைப்பேசியைக் காரோடு இணைத்து ‘பொன்னி நதி பாக்கணுமே’ பாட்டைப் போட்டான். 2022ல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது தெருவெல்லாம் கேட்ட ரஹ்மான் பாட்டு. “இடத்துக்குப் பொருத்தமா இருக்கட்டும்க்கா” என்றான். பொருத்தம்தான். ஆடி பதினெட்டு, வீராணம் ஏரி, வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை. இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. ஆனாலும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

பொருத்தமான பாட்டு எனக்கு ஒட்டுவதே இல்லை. ஒரு நாவலை நினைத்தால் கூடவே ஒரு பாட்டு வந்து நிற்கும். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. படித்த நாட்களில் பக்கத்து அறையிலோ டீக்கடையிலோ ஓடிய பாட்டு, அவ்வளவுதான். கதை நடக்கும் ஊர் ஒன்று, நாம் அதைப் படித்த ஊர் ஒன்று. பாட்டு எப்போதும் இரண்டாவது ஊரின் ஆள். சரி, பாட்டையும் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு முதல் ஊருக்கே போனால் என்ன ஆகும்? இந்தப் பயணத்துக்குக் காரணம் இந்தக் கேள்விதான். தம்பிக்குப் புத்தகம் என்றால் வருமான வரி சம்பந்தப்பட்டது மட்டும். ஆனால் கார் அவனுடையது, ஓட்டுவதும் அவன்.

கரையில் ஏறி நின்றோம். ஏரி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம். முழுக் கொள்ளளவுக்கு 47.5 அடி. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் தடுக்கப்பட்டு வடவாறு வழியாக இங்கே வந்து சேர்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. 2004 முதல் இந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. ஆக, இத்தனை வருடமாக நாங்கள் பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பக்கத்துக் குடும்பம் விரித்திருந்த புளியோதரையின் மேல்தான் அவனுக்குக் கண்.

கல்கி இந்தக் கதையை 1950 அக்டோபரில் தன் பத்திரிகையில் தொடங்கி மூன்றரை ஆண்டு எழுதினார். எங்கள் தாத்தா வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். செய்யாறு பக்கத்துக் கிராமம். நான் படித்தது பள்ளிக்கூட நாளில், ஆடி மாதம், திண்ணையில். எங்கள் பக்கம் ஆடி என்றால் கூழ் ஊற்றும் திருவிழா. ரேடியோ செட்காரர் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுப் போனால், விடியற்காலை தொடங்கி எல்.ஆர்.ஈஸ்வரிதான். ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’ முடிந்தால் ‘கற்பூர நாயகியே கனகவல்லி’. பழுவேட்டரையரின் யானை பரிவாரத்தோடு வந்தது அந்த உடுக்கைச் சத்தத்தில். மூடுபல்லக்கின் திரை விலகியது அந்தக் குரலில். இன்றுவரை எனக்கு நந்தினி என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு மோசமான ஜோடி இல்லை.

மதியம் காட்டுமன்னார்கோவிலுக்குள் நுழையும்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆடி மாதமல்லவா, ஒரு சின்ன மாரியம்மன் கோவிலில் சீரியல் பல்பு தோரணம், வாசலில் ஸ்பீக்கர், அதே ‘கற்பூர நாயகியே’. புத்தகம் மடியில், பாட்டு காதில், ஊர் காலடியில். மூன்றும் ஒரே நேரத்தில். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். வந்தது வந்தியத்தேவன் இல்லை. தாத்தா வீட்டுத் திண்ணைதான் வந்தது. அத்தை முறத்தில் புளி வைத்துக் கொட்டை எடுப்பது, மண்ணெண்ணெய் வாடை, “கண்ணு கெட்டுப்போகும், உள்ள வா” என்ற சத்தம். இவ்வளவு தூரம் காரில் வந்து வீராணத்தில் நின்றால், பாட்டு என்னைப் பிடரியைப் பிடித்துச் செய்யாற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏரியும் அப்படித்தான். கண்ணெதிரே இவ்வளவு பெரிய ஏரியைப் பார்த்தும், இரவு விடுதியில் கண்ணை மூடினால் வந்தியத்தேவன் போவது எங்கள் ஊர் ஏரிக்கரையில்தான், பனைமர வரிசையை ஒட்டி.

சாயங்காலம் வீரநாராயணப் பெருமாள் கோவில். இது வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர். நாவலின் தொடக்கத்திலேயே இந்தக் கோவில் வருகிறது. ஆழ்வார்க்கடியான் சன்னிதியில் நம்மாழ்வார் பாசுரம் பாட, பட்டரின் சிறு பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பிற்காலத்தில் நாதமுனிகள் ஆகப்போகும் பிள்ளை. திண்ணையில் படித்தபோது அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு வந்தியத்தேவன் எங்கே என்று தேடினேன். இப்போது கோவிலில் உட்கார்ந்து அதே பக்கங்களைத்தான் இரண்டு தரம் படித்தேன்.

வைணவ குருபரம்பரை சொல்லும் கதை இது. யாத்திரை வந்த சிலர் இந்தச் சன்னிதியில் ‘ஆரா அமுதே’ என்று தொடங்கும் பத்துப் பாசுரங்களைப் பாடினார்கள். கேட்ட நாதமுனிகளுக்கு உருகிப்போயிற்று. கடைசிப் பாட்டில் ‘ஓராயிரத்துள் இப்பத்தும்’ என்று வந்ததும் நிமிர்ந்தார். ஆயிரத்தில் பத்து என்றால் மீதி எங்கே? அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பத்தும் குடந்தைப் பெருமாளைப் பற்றியவை. ஆகவே குடந்தைக்குப் போனார். அங்கே கிடைத்த குறிப்பு அவரைத் தெற்கே குருகூருக்கு, அதாவது இன்றைய ஆழ்வார்திருநகரிக்கு, அனுப்பியது.

ஒரு பாட்டு ஓர் ஊரைக் காட்டி, அந்த ஊர் இன்னோர் ஊரைக் காட்டி, கடைசியில் ஒரு புத்தகம் கிடைத்த கதை. நான் போக நினைத்திருந்த கும்பகோணமும் திருச்செந்தூர்ப் பக்கமும் ஏறக்குறைய அதே வழியில்தான் இருந்தன. ஆழ்வார்திருநகரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். “எத்தனை கிலோமீட்டர் கூட?” என்பதுதான் தம்பியின் ஒரே கேள்வி.

மறுநாள், கும்பகோணம்

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தோம். ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய கீழணை இதுதான். நாவலில் வந்தியத்தேவன் படகில் கடக்கும்போது ஆழ்வார்க்கடியானும் சைவரும் சண்டை போடுவார்கள். பாலத்தில் எங்களுக்கும் எதிரே வந்த மினி லாரிக்கும் நடந்ததும் ஏறக்குறைய அதுவே.

கும்பகோணம் எனக்கு மோகமுள். தி.ஜானகிராமனின் பாபு, யமுனா, ரங்கண்ணா. சங்கீதமே உயிராக ஓடும் நாவல். தம்புரா சுருதி, சாதகம், வடக்கிலிருந்து வந்து பாடிப் பாபுவை மிரள வைக்கும் பாடகர்கள். இப்படி ஒரு நாவலோடு ஒரு கல்யாணியோ தோடியோ அல்லவா எனக்கு ஒட்டியிருக்க வேண்டும்? ஒட்டியது ‘புது வெள்ளை மழை’.

1992. வேலூரில் கல்லூரி விடுதி. ரோஜா கேசட் வந்து சில வாரம் இருக்கும். பக்கத்து அறையில் சித்தூர்ப் பெண் ஒருத்தியிடம் டூ இன் ஒன் இருந்தது. அவளுக்குத் தமிழ் அரைகுறை. அந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று பென்சிலை விட்டுச் சுற்றியே ரீவைண்ட் செய்வாள். நான் மோகமுள்ளை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன், தவணை முடியப் போகிறது, ராத்திரி பகலாகப் படிக்கிறேன். கும்பகோணத்தின் சந்துகளும் காவிரியும் எருமைச் சாணி வாடையும் ஒரு பக்கம். சுவருக்கு அப்பால் உன்னி மேனனும் சுஜாதாவும் பனிமலையில். யமுனா வாசலில் வந்து நின்றால் எனக்கு இன்னமும் கொஞ்சம் குளிரும்.

மூன்று வருடம் கழித்து, 1995ல், ஞான ராஜசேகரன் இயக்கத்தில் மோகமுள் படமாகவே வந்தது. இளையராஜா இசை. ‘கமலம் பாத கமலம்’, ‘சொல்லாயோ வாய் திறந்து’ இரண்டும் எனக்குப் பிடித்த பாட்டுகள், இன்றைக்கும் கேட்கிறேன். கேட்டால் படம்தான் நினைவுக்கு வரும், புத்தகம் வராது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் குடியேறிவிட்டார்கள்.

துக்காம்பாளையத் தெருவுக்குப் போனோம். நாவலில் யமுனா வீடு இருக்கும் தெரு. இன்றைக்குக் கடைகள், கிரில் போட்ட வீடுகள், வண்டி நிறுத்த இடமில்லாமல் ஹாரன் சத்தம். இங்கே போய்க் கதையின் வீட்டைத் தேடக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஆனாலும் கண் தேடத்தான் செய்தது. தம்பி ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காட்டி, “இதா இருக்குமோ?” என்றான், எனக்காகத்தான். நான் மனத்தில் கட்டி வைத்திருந்த வீடு வேலூரில் எங்கள் விடுதிக் காப்பாளர் குடியிருந்த வீடு: உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் மாடிப்படி, துளசி மாடம், பச்சைக் கதவு. அந்தப் பச்சைக் கதவை நான் கும்பகோணத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

காவிரியில் தண்ணீர் நன்றாகவே போகிறது. அக்கரையில் அரசு கலைக்கல்லூரி, 1854ல் தொடங்கியது. பாபு படித்த கல்லூரி. உ.வே.சாமிநாதையர் 1880ல் இங்கே தமிழாசிரியராக வந்து சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் பாட்டுக்கும் புத்தகத்துக்கும் நடந்த இழுபறி எனக்கு எப்போதும் பிடிக்கும். சங்கீதக் குடும்பத்துப் பிள்ளை. மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கப் போனவர், பக்கத்திலேயே இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கினார். ஆசிரியருக்குத் தெரிந்ததும் அது பிடிக்கவில்லை. பாட்டில் மனம் போனால் இலக்கணமும் இலக்கியமும் ஏறாது என்பது அவர் எண்ணம். மாணவர் சங்கீதத்தை விட்டுவிட்டார். அவர் விடாமல் இருந்திருந்தால் சீவக சிந்தாமணி 1887ல் அச்சேறியிருக்குமா என்று கேட்கலாம். ஆனாலும் என் சரித்திரம் படிக்கும்போது அந்த இடத்தில் எனக்கு ஆசிரியர் மேல் லேசாகக் கோபம் வரும்.

சாரங்கபாணி கோவில் மாலையில். பதினொரு நிலைக் கோபுரம். உள்ளே கருவறையே தேர் மாதிரி, கல் சக்கரம், கல் குதிரை, கல் யானை. பெருமாள் படுத்தபடி சற்றே எழுகிற கோலம். ‘ஆரா அமுதே’ என்று ஆழ்வார் கூப்பிட்டது இவரைத்தான். ஆராவமுதன் என்பதே பெயராக நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் அந்தப் பத்தையும் முணுமுணுவென்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஓராயிரத்துள் இப்பத்தும்’ வரும்வரை காத்திருந்து கேட்டேன். இங்கே பாட்டும் ஊரும் ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பிரியாமல் இருக்கின்றன. அதற்குப் பாட்டுக்குள்ளேயே ஊரை வைத்துத் தைத்துவிட வேண்டும் போலிருக்கிறது. ‘திருக்குடந்தை’ என்று முதல் பாட்டிலேயே வந்துவிடுகிறது. பென்சிலால் சுற்றிய கேசட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பித்தளை டபராவில் டிகிரி காபி. நன்றாக இருந்தது, சர்க்கரை மட்டும் அதிகம்.

அடுத்த நாள், சாலையில்

முழுக்கக் கார்தான். தஞ்சாவூர், திருச்சி, மதுரை. எழுத அதிகம் இல்லை.

எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் காலமானதும் இங்கேதான். அந்தப் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904ல் சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினியை இதே ஊரில் அச்சிட்டார். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் சுரத்தோடு இரண்டு பெரிய புத்தகமாக இந்தக் கரிசல் ஊரிலிருந்து வெளிவந்தன. டீக்கடையில் ஓடியது வடிவேலு காமெடி.

ஒரு சின்ன விஷயம்: நான் தூங்கும்போது தம்பி ரகசியமாக ஏதோ கேட்கிறான். விழித்தால் நிறுத்திவிடுகிறான்.

ஆழ்வார்திருநகரி

குருகூர் இதுதான். தாமிரபரணிக் கரை. கோவிலில் உறங்காப்புளி, நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம். இங்கே கல்லில் செய்த நாதஸ்வரம் ஒன்றும் உண்டு. கல்லை ஊதிப் பாட்டு வாங்கியவர்கள் எவ்வளவு மூச்சு வைத்திருந்தார்களோ.

நாதமுனிகள் வந்தபோது இங்கேயும் ஆயிரம் பாட்டு யாரிடமும் இல்லையாம். மதுரகவியாழ்வாரின் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ மட்டும், பதினோரு பாசுரங்கள், பராங்குசதாசர் என்பவரிடம் இருந்தது. அதைக் கற்றுக்கொண்டு புளியமரத்தடியில் 12,000 முறை சொன்னார். நம்மாழ்வார் தோன்றி ஆயிரத்தை மட்டுமல்ல, நாலாயிரத்தையும் கொடுத்தார் என்கிறது மரபு. ஊர் திரும்பியவர் தன் மருமகன்கள் இருவருக்கு அவற்றை இசையோடு பாடக் கற்றுக்கொடுத்தார். பாசுரங்களை இசையும் அபிநயமுமாகப் பாடும் அரையர்கள் தங்கள் வழியை அவர்களிடமிருந்தே சொல்கிறார்கள். இந்தக் கோவிலில் இன்றும் அரையர் சேவை உண்டு.

நம்புகிறவர்களுக்கு இது அற்புதம். எனக்கு அந்த 12,000 மேல்தான் கண். ஒரே இடம், ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. சித்தூர்ப் பெண் பென்சிலை வைத்துக்கொண்டு செய்ததும் அதுதானே என்று தோன்றியது. கோவிலுக்குள் இப்படி நினைக்கலாமா என்றும் தோன்றியது. நினைத்தாகிவிட்டது.

இங்கே என் புத்தகம் எதுவும் பையிலிருந்து வெளியே வரவில்லை. வெயில் தாழ ஆற்றங்கரைக்குப் போனோம். தம்பி கால் நனைத்தான். இரவு திருச்செந்தூரில் தங்கினோம்.

மணப்பாடு

குலசேகரன்பட்டினம் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. ஆடிக் காற்று, மணலோடு. மணப்பாட்டில் இறங்கினால் சேலையைப் பிடிப்பதா தலையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. மணல் மேட்டின் மேல் 1581ல் எழுந்த திருச்சிலுவைக் கோவில். செப்டம்பர் 14 திருவிழா. மேட்டின் அடியில், கடலைப் பார்த்தபடி, புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. 1542ல் இந்தக் கரைக்கு வந்தவர் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய ஜெபங்களை நெட்டுருப் போட வைத்ததைத் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். குருகூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இங்கேயும் திரும்பத் திரும்பச் சொல்லுதல்தான்.

வண்ணநிலவனின் கடல்புரத்தில் நாவலுக்கு இந்த ஊர்தான் களம். 1977ல் வந்தது. பிலோமி, குரூஸ் மிக்கேல், சாமிதாஸ். லாஞ்சி என்ற விசைப்படகு வந்த பிறகு, வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருக்கும் வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் முற்றுகிற பகை. சிறிய புத்தகம். ஒரு மாலையில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. முதல் வேலை, டெல்லி. கரோல் பாக்கில் ஒரு வீட்டு மொட்டைமாடி அறை. ஜனவரி. ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்து வந்து, ரஜாய்க்குள் புகுந்துகொண்டு, விரல் மட்டும் வெளியே நீட்டிப் பக்கம் திருப்பிப் படித்தேன். ஊர் நினைவு தாங்காமல் ஓர் இரவில் பத்துப் பக்கத்துக்கு மேல் நகராது. கீழ்வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற பஞ்சாபிப் பெரியவர். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டேப்பில் கிஷோர் குமார் மட்டும் போடுவார். ‘ஜிந்தகி கே சஃபர் மே’. 1974ல் வந்த ஆப் கி கசம் படப் பாட்டு. எனக்கு அப்போது இந்தி தடுமாற்றம். போன இடங்கள் திரும்ப வராது என்று ஏதோ சொல்கிறார் என்ற அளவுக்குப் புரியும். அவ்வளவு போதுமாக இருந்தது. பிலோமி கடற்கரையில் நடந்தால் கிஷோர் குமார் பாடுவார். மணப்பாட்டுக்கு அப்படியொரு பனிமூட்டம் என் தலைக்குள்.

மேட்டில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டேன். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. முதல் சரணம்வரை கரோல் பாக் அறை வந்தது, இரும்புக் கட்டிலும் சுவரில் கசிந்த ஈரமுமாக. அப்புறம் கீழே நாலைந்து பேர் ஒரு நாட்டுப்படகைக் கரையேற்றத் தொடங்கினார்கள். சத்தம் கொடுத்துக்கொண்டே தள்ளினார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து ஏலேலோ போட, படகு ஒரு முழம் ஏறும், நிற்கும். நான் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் காதுக்குள் ஓடியது எப்போது முடிந்தது என்று கவனிக்கவும் இல்லை.

மதியம் கோவில் நிழலில் நாவலை எடுத்துப் பாதி படித்தேன். பழைய மணப்பாடு காணாமல் போயிருந்தது. டெல்லியில் நான் இந்த ஊரைக் கட்டியது மாமல்லபுரத்துக் கடற்கரையை வைத்து. அங்கே மணல் மேடும் இல்லை, உச்சியில் சிலுவையும் இல்லை. இப்போது குரூஸ் மிக்கேல் இந்த மேட்டின் கீழேதான் நடக்கிறார். வீராணம் செய்யாற்றை அசைக்கவில்லை, கும்பகோணம் அந்தப் பச்சைக் கதவைத் திறக்கவில்லை, மணப்பாடு மட்டும் மாமல்லபுரத்தை ஒரே காற்றில் அடித்துக்கொண்டு போய்விட்டது. செய்யாறும் வேலூரும் நான் வாழ்ந்த இடங்கள். மாமல்லபுரம் சுற்றுலா போன இடம். வேரில்லாததைப் பிடுங்குவது சுலபம் போலிருக்கிறது. ஆனால் கிஷோர் குமார் போகவில்லை. ஊர் மாறியும் பாட்டு அப்படியே பிலோமி பின்னாலேயே வருகிறது.

“இதெல்லாம் எல்லாருக்கும் ஆகுமா, உனக்கு மட்டுமா?” என்றான் தம்பி. 1975ல் காடன், பேட்லி என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையைச் சொன்னேன். ஸ்காட்லாந்தின் ஓபன் ஊர்ப் பக்கத்துக் கடலில், முக்குளிப்பவர்களுக்குச் சில சொற்களைத் தண்ணீருக்கடியிலும் சில சொற்களைக் கரையிலும் மனத்தில் ஏற்றினார்கள். நீருக்கடியில் படித்தது நீருக்கடியில்தான் நன்றாக நினைவுக்கு வந்தது. கரையில் படித்தது கரையில். தம்பி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். “அப்ப தூத்துக்குடியில சங்கு குளிக்கிறவங்க கடலுக்குள்ள வச்சுப் பேசிக்கிட்டதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் மறந்துடுமா?” கடலுக்குள் எப்படிடா பேசுவார்கள் என்றேன். இருவரும் சிரித்ததில் வாய் நிறைய மணல்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம்.

திரும்பும் வழி, தூத்துக்குடி

கண் அயர்ந்து விழித்தபோது சாலையின் இரு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல், வெயில் கண்ணைக் குத்துகிறது. காருக்குள் ஒரு பெண் குரல் நிதானமாகக் கதை படித்துக்கொண்டிருந்தது. இந்த முறை தம்பி நிறுத்தவில்லை.

பொன்னியின் செல்வன் ஒலிப்புத்தகம். வீராணத்தில் நான் போட்ட போட்டில், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்று இரவே இறக்கிக்கொண்டானாம். நான் தூங்கும் நேரங்களில் மட்டும் கேட்டதால் வேகமாகப் போகவில்லை.

“எங்க இருக்கே?”

“குடந்தை சோதிடர் வீட்டு வாசல்ல. குந்தவையும் வானதியும் உள்ள இருக்காங்க. இவன் வெளிய நிக்கறான்.”

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவனுக்கு எந்தப் பாட்டு ஒட்டும்? காதைக் கதையே எடுத்துக்கொள்கிறது. நாங்கள் படித்தபோது கண்ணுக்கு வேலை இருந்தது, காது சும்மா கிடந்தது. அந்தக் காலி இடத்தில்தான் ரேடியோ செட்காரரும் சித்தூர்ப் பெண்ணும் பஞ்சாபிப் பெரியவரும் வந்து உட்கார்ந்தார்கள். இவனுக்குக் கண்தான் சும்மா இருக்கிறது. ஒட்டினால் சாலைதான் ஒட்டும். இதை அவனிடம் சொன்னேன்.

“அப்ப எனக்குக் குடந்தை சோதிடர் வீடுன்னா இந்த உப்பளம்தானா?”

“அநேகமா.”

“நாமதான் கும்பகோணம் போனோமேக்கா! கோவிலெல்லாம் பார்த்தோமே.”

“அப்ப நீ இன்னும் முதல் அத்தியாயத்தில இருந்தே.”

“முதல் அத்தியாயம் விடுதி பார்க்கிங்ல கேட்டேன்” என்றான். கொஞ்சம் யோசித்தான். “சரியாச் சொல்றே. ஏரின்னதும் எனக்கு அந்த ஜெனரேட்டர்தான் ஞாபகம் வருது.”

சத்தத்தைக் கூட்டினான். சோதிடரின் சீடன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். வந்தியத்தேவன் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தான்.